குடும்பப் படங்களுக்குள் கலந்த ஆபாசப் படங்களை வடிகட்டுதல்: கிளிநொச்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் குடும்பம் எங்கள் ஸ்டூடியோவிடம் ஒரு வேலையைக் கொண்டுவந்தது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருபதாயிரத்துக்குக் கிட்டப் படங்கள். அதற்குள் எங்கெங்கோ ஆபாசப் படங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, வீட்டு ரிவியில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய மாதிரித் தர வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வீட்டில் ஆளில்லை. வெளியாள் ஒருவர் அப்படிப் பார்ப்பதிலும் வீட்டாருக்கு விருப்பமில்லை. கணினியே பிரித்துத் தராதா என்று கேட்டார்கள்.

தரும். ஆனால் எதை எந்த வரிசையில் அதனிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. வன்னிக் குடும்பம் ஒன்றின் படத்தொகுப்பை, படத்தைப் பார்த்து ஆபாசமா என்று சொல்லப் பழக்கிய கணினி மொடலிடம் அப்படியே கொட்டிவிட்டால், அது சந்தேகப்பட்டு ஒதுக்குகிறவற்றில் முன்னுக்கு நிற்பவை அந்தக் குடும்பம் இழக்கவே கூடாத படங்கள். ஏன் அப்படி ஆகிறது, அதை எப்படிக் கையாண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன்.

தொகுப்பு வந்த வழி

இந்த வீட்டில் 2008க்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்களும் ஒரு ட்ரங்குப் பெட்டியில் கூடவே வந்தன. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர இடம்பெயரச் சாமான் குறைந்துகொண்டே போனது. மாத்தளன் பக்கம் ஒரு பங்கருக்குள் பெட்டியை வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு அந்த இடத்துக்குத் திரும்பவே முடியவில்லை. 2009 மே மாதத்தில் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியையின் கையில் இருந்தவை அடையாள அட்டைகளும் ஒரு வங்கிப் புத்தகமும் மட்டும்.

அப்படியானால் இப்போது இருக்கும் பழைய படங்கள் எங்கிருந்து வந்தன? வெளிநாட்டிலிருந்து. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போயிருந்த சொந்தங்கள் பல வருடங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து போகத் தொடங்கினார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் வீதி மறுபடி மூடப்படும்வரை அந்த வரத்து இருந்தது. வந்தவர்கள் கமெராவோடு வந்தார்கள். எடுத்த பிலிம் சுருளைத் தங்களோடு கொண்டுபோய் அங்கேயே கழுவி அல்பத்தில் ஒட்டி வைத்தார்கள். வன்னியில் இருந்த பிரதி அழிந்தது, பாரிசில் இருந்த பிரதி தப்பியது. எங்கள் கடைக்கு வரும் அநேக குடும்பங்களின் பழைய படங்களுக்கு இதுதான் கதை.

வடிகட்டலுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. லீவில் ஊருக்கு வந்தவர்கள் எதைப் படம் எடுப்பார்கள்? இரணைமடுவில் குளிப்பதை எடுத்தார்கள். கிணற்றடியில் அம்மம்மா குறுக்குக்கட்டோடு தண்ணீர் அள்ளுவதை எடுத்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் மேல்சட்டை இல்லாமல் கரைவலை இழுக்கும் ஆட்களை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதுகில் செடில் குத்திக் காவடி எடுக்கும் மச்சானை, சட்டியில் உட்கார்ந்து குளிக்கும் கைக்குழந்தையை எடுத்தார்கள். உள்ளூர்க்காரர் ஸ்டூடியோவுக்கு உடுத்திக்கொண்டு வந்து எடுத்த படங்கள் அழிந்துவிட்டன. வெளியிலிருந்து வந்தவர்கள் வெயிலில், தண்ணீரில், வயலில் எடுத்த படங்கள் எஞ்சின. ஆகவே அந்தக் காலத்துப் படங்களில் உடம்பு தெரிவது அதிகம்.

இவற்றைத் தவிர ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவை 2010க்குப் பிந்திய போன் படங்கள், கலியாணவீட்டுப் படங்கள், அப்புறம் வட்ஸ்அப் தானாகவே இறக்கிச் சேமித்த ஆயிரக்கணக்கான படங்கள். போன் வீட்டுக்குள் பல கை மாறியிருந்தது. ஒருவர் பாவித்ததை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது படங்களை அப்படியே டிஸ்க்கில் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். யாருடைய போனில் யார் சேர்ந்திருந்த குழுவிலிருந்து எது வந்தது என்று தோண்டுவது எங்கள் வேலை இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டோம். வீட்டில் ஒருவரைத் தலைகுனிய வைத்துவிட்டுத் தொகுப்பைச் சுத்தமாக்கி என்ன பயன்?

மொடல் எதைப் பார்க்கிறது

நிர்வாணத்தைக் கணினி கொண்டு கண்டுபிடிக்கும் முயற்சி பழையது. மார்கரெட் ஃபிளெக், டேவிட் ஃபோர்சைத், கிறிஸ் பிரெக்ளர் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் தோல் நிறமும் வழுவழுப்பும் உள்ள இடங்களைத் தேடி, பிறகு அவை கை கால் போலப் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். நிறத்தை நம்பும் முறைக்கு வன்னியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செம்மண் தரை, கடற்கரை மணல், பனங்குற்றி, செங்கல் சுவர் எல்லாம் ஏறக்குறைய அந்த நிறக் கூட்டத்துக்குள்தான் வருகின்றன.

இப்போதைய முறை வேறு. ஆபாசமானது, ஆபாசமில்லாதது என்று பிரித்த படங்களை ஏராளமாகக் காட்டி ஒரு நரம்பு வலையமைப்பைப் பழக்குகிறார்கள். 2016இல் யாஹூ இப்படியான ஒரு மொடலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது ஒரு படத்துக்கு 0இலிருந்து 1 வரை ஒரு புள்ளி தரும். 0.2க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 0.8க்கு மேலே என்றால் பெரும்பாலும் ஆபாசம், நடுவில் இருப்பது எப்படியும் இருக்கலாம். எந்தப் புள்ளிக்கு மேலே ஒதுக்குவது என்ற வரம்பை அவரவர் தங்கள் படங்களில் சோதித்துத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெளியிட்டவர்களே சொன்னார்கள். பழக்கப் பாவித்த படங்களை அவர்கள் வெளியிடவில்லை. இப்படிப் புள்ளி போடும் மொடல்கள் தவிர, உடலின் எந்தப் பகுதி தெரிகிறது, அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பெட்டி போட்டுக் காட்டும் இன்னொரு வகை மொடல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆணின் திறந்த மார்பையும் பெண்ணின் திறந்த மார்பையும் அவை வேறு வேறு பெயரில் தருகின்றன. எங்கள் ஊருக்கு அது பெரிய உதவி.

எந்த வகையாக இருந்தாலும், எதைக் காட்டிப் பழக்கினார்களோ அதைத்தான் மொடல் அறியும். கறுத்த தோல்காரரின் முகங்களில் கணினி கூடுதலாகப் பிழை விடுவதை 2018இல் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் காட்டினார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள், வெள்ளைத்தோல் ஆண்களில் ஒரு வீதத்துக்கும் குறைவாகப் பிழைத்த இடத்தில், கறுத்த தோல் பெண்களில் 34.7 வீதம் வரை பிழைத்தன. அது வேறு வேலைதான். ஆனாலும் காவடியையும் குறுக்குக்கட்டையும் கண்டிராத ஒரு மொடலிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

முதல் ஓட்டம்

வேலையை ஒரு பிரதியில்தான் செய்தோம். மூல டிஸ்க்கைத் தொடவில்லை. இன்ரநெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் இருந்த பழைய லப்டொப்பில் ஓடவிட்டோம். கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியிலும் இது ஓடும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். கரண்ட் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி, ஒவ்வொரு படத்தின் புள்ளியையும் உடனுக்குடன் ஒரு கோப்பில் எழுத வைத்தோம். அதற்கு முதல் ஒரேமாதிரிப் படங்களைக் கழித்தோம். பைட்டுக்குப் பைட் ஒத்தவற்றை ஹாஷ், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு அடையாள எண், கண்டுபிடித்துவிடும். வட்ஸ்அப்பில் போய் வந்து அளவு மாறிய பிரதிகளுக்குத் தோற்றத்தை ஒப்பிடும் ஹாஷ் தேவை. அங்கே கவனம் வேண்டும். அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரண்டு படங்கள் அந்த ஹாஷுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் அம்மம்மா கண்ணை மூடியிருப்பார், மற்றதில் சிரித்திருப்பார். ஆகவே அவற்றைக் கழிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம்.

முதல் ஓட்டத்தில் எல்லாப் படத்துக்கும் ஒரே வரம்பு. உண்மையான ஆபாசப் படங்களில் பெரும்பாலானவை வரம்புக்கு மேலே வந்தன. கூடவே வந்தவற்றைப் பார்க்கத்தான் மனம் கனத்தது. காவடிப் படங்கள் கூட்டமாக வந்தன. கரைவலைப் படங்கள் வந்தன. பிறந்த முப்பத்தோராம் நாளில் குழந்தையைக் குளிக்க வார்த்த படங்கள் எல்லாம் வந்தன. வவுனியா ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டோடு படுத்திருந்த ஆசிரியையின் கணவர் வந்தார். கோயில் கோபுரத்துச் சிலைகளும் சில வந்தன.

ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இரணைமடு வாய்க்காலில் ஒரு இளைஞன் குளிக்கிறான். இடுப்புவரை தண்ணீர். தோளில் சவர்க்கார நுரை. ஒரு கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டபடி வாய் நிறையச் சிரிக்கிறான். பாரிசில் இருக்கும் பெரியம்மா தன் அல்பத்தைப் போனால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியது இது. பிளாஸ்டிக் தாளின் பளபளப்பு மேலே குறுக்காக ஓடுகிறது, கீழ் மூலையில் பெரியம்மாவின் பெருவிரல் தெரிகிறது. இளைஞன் ஆசிரியையின் கடைசித் தம்பி. 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், அவருடைய தாய் கையில் வைத்திருந்தது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒன்று. அவர் சிரிக்கிற படம் என்று குடும்பத்திடம் இருப்பது இந்த வாய்க்கால் படம் மட்டும்தான். அதற்கு மொடல் கொடுத்த புள்ளி 0.8ஐத் தாண்டியது.

ஏன்? மொடல் படத்தை முழு அளவில் பார்ப்பதில்லை. 224க்கு 224 பிக்சல்களாகச் சுருக்கித்தான் பல மொடல்கள் பார்க்கின்றன. இடுப்பில் கட்டிய சாரம் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. சட்டத்துக்குள் துணி என்று ஒரு இழைகூட இல்லை. ஈரத்தோல் மினுங்குகிறது. பழைய பிரிண்ட் மங்கி எல்லாம் செம்மஞ்சளாகியிருக்கிறது. அது வாய்க்கால் என்று மனிதருக்குச் சொல்லும் அடையாளங்கள், பின்னால் நிற்கும் பையன்கள், கரையில் கிடக்கும் சைக்கிள் எல்லாம் அந்தச் சுருக்கத்தில் சில பிக்சல்களாகக் கரைந்துவிட்டன. மொடலைப் பொறுத்தவரை உடுப்பில்லாத ஒரு உடம்பு, அவ்வளவுதான்.

தானாக அழிக்கும்படி விட்டிருந்தால் இந்தப் படம் போயிருக்கும். போனது யாருக்கும் தெரிந்துமிருக்காது. இருபதாயிரத்தில் ஒன்று குறைந்ததை யார் எண்ணுவார்கள்?

இப்படி நடப்பது எங்கள் ஊரில் மட்டும் இல்லை. வியட்நாமில் 1972இல் நேபாம் குண்டுக்குத் தப்பி உடுப்பில்லாமல் ஓடிவந்த சிறுமியைக் காட்டும், நிக் உட்டின் பெயரில் அறியப்பட்ட படத்தை 2016 செப்டெம்பரில் ஃபேஸ்புக் நிர்வாணம் என்று நீக்கியது. நோர்வேயின் ஆஃப்டன்போஸ்டன் பத்திரிகையும் அந்நாட்டுப் பிரதமரும் எதிர்த்த பிறகுதான் மீட்டுப் போட்டது. உலகமே அறிந்த படத்துக்குப் பேச ஒரு பிரதமர் இருந்தார். வாய்க்கால் படத்துக்குப் பேச அந்த வீட்டாரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மொடலுக்கு முதல், வந்த வழி

இரண்டாம் ஓட்டத்துக்கு முன்பு வரம்பை ஏற்றி இறக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஒரே வரம்பில் இது தீராது. ஏற்றினால் ஆபாசப் படம் தப்புகிறது, இறக்கினால் காவடி மாட்டுகிறது. சுளகில் புடைக்கும்போது எல்லாத் தானியத்துக்கும் ஒரே வீச்சு வீசினால் பதரோடு மணியும் பறக்குமே, அந்த நிலைமைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு எடுத்துக்காட்டு. 20,000 படம், அதில் 200 ஆபாசம் என்று வையுங்கள். மொடல் இரு பக்கமும் நூற்றுக்கு 95 சரியாகச் சொல்கிறது என்றும் வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆபாசப் படங்களில் 190 பிடிபடும். மீதி 19,800 நல்ல படங்களில் ஐந்து வீதம், அதாவது 990 படங்கள் வீணாக மாட்டும். ஒதுக்கிய குவியலில் ஆறு படத்தை எடுத்தால் ஏறக்குறைய ஐந்து நல்ல படம். மொடல் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தேடுகிற பொருள் அரிதாக இருக்கும் இடத்தில் எந்த வடிகட்டிக்கும் இதுதான் நடக்கும்.

அதே மொடலை இன்னொரு விதமாக ஓட்டுவோம். அந்த 200இல் 180, கண்ட கண்ட படம் வரும் ஒரு குழுவின் 2,000 படங்களுக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தால்? அந்தப் போல்டரை மட்டும் கொடுத்தால் 171 பிடிபடும், 91தான் வீணாக மாட்டும். இப்போது குவியலில் மூன்றுக்கு இரண்டு உண்மையான ஆபாசம். மறுபக்கம், சொந்தங்கள் ஸ்கேன் செய்து அனுப்பிய 3,000 படங்களை மொடலிடம் கொடுத்தால் 150 மாட்டும், அத்தனையும் நல்ல படம். அந்தப் போல்டரை மொடலிடம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே படம் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பு, அது எந்த வழியால் வந்தது என்று கேட்டோம். ஸ்கேன் செய்து அனுப்பியவையும் கமெரா மெமரி அட்டைகளிலிருந்து எடுத்தவையும் ஒரு பக்கம் போயின. அவற்றில் மொடலை ஓட்டவில்லை. போன் கமெராவில் எடுத்தவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் எந்தப் போன், எந்தத் திகதி என்ற விபரம் கோப்புக்குள்ளேயே இருக்கும். அதற்கு உடல் பகுதி காட்டும் மொடலை மட்டும் வைத்தோம். ஆணின் திறந்த மார்பு, வயிறு, பாதம், கை என்பவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிட்டோம். அந்த ஒரு மாற்றத்தோடு காவடியும் கரைவலையும் பெரும்பாலும் விடுதலையாயின.

வட்ஸ்அப் படங்களில்தான் சிக்கல். அதில் அந்த விபரம் எல்லாம் கழற்றப்பட்டுவிடும், கோப்பின் பெயரில் சேமித்த நாளும் ஒரு வரிசை எண்ணும்தான் மிஞ்சும். ஆபாசப் படங்கள் வந்ததும் இந்த வழியால்தான், வாய்க்கால் படம் வந்ததும் இந்த வழியால்தான். கோப்பைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் போன் இன்னும் வேலை செய்தது. வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கத்தில், எந்த உரையாடலிலிருந்து எவ்வளவு வந்தது என்று தனித்தனியாகக் காட்டும். ஆசிரியையும் மருமகளும் அந்தப் பட்டியலைத் தாங்களே பார்த்து, சொந்தங்களின் பெயர்களைக் குறித்துக்கொடுத்தார்கள். அந்த உரையாடல்களில் வந்தவை நல்லவை என்று முதலிலேயே ஒதுக்கப்பட்டன. மீதியில் இரண்டு வகை மொடலையும் கடுமையான வரம்போடு ஓட்டினோம். ஆபாசப் படங்களில் பெரும்பங்கு ஒரே ஒரு குழுவிலிருந்து வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழுவின் படங்களுக்கு மொடலே தேவைப்படவில்லை. குடும்பத்துக்குச் சொந்தமான ஒன்றுகூட அதில் இல்லை.

யார் பார்ப்பது

எவ்வளவுதான் பிரித்தாலும் கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். அதை ஒரு மனிதர் பார்த்துத்தான் ஆக வேண்டும். யார் அந்த மனிதர் என்பதை மொடலை ஓட்டுவதற்கு முதலே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடைப் பையன்கள் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. பார்த்தவன் நல்லவன்தான், ஆனால் நாளைக்குச் சந்தையில் அந்த வீட்டுப் பெண்ணைக் காணும்போது அவள் மனதில் என்ன ஓடும்?

மருமகள் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்காக ஒரு எளிய பக்கம் செய்துகொடுத்தோம். படங்கள் சிறிதாகவும் மங்கலாகவும் வரிசையாக நிற்கும். வாய்க்காலா, கோயிலா, குழந்தையா என்று அந்த மங்கலிலேயே அநேகமாகத் தெரிந்துவிடும். தெரியாததை மட்டும் தொட்டுத் தெளிவாக்கலாம். கீழே மூன்று பொத்தான்: எல்லாரும் பார்க்கலாம், உரியவருக்கு மட்டும், எறியலாம்.

நடுப் பொத்தானை முதலில் நாங்கள் யோசிக்கவில்லை, மருமகள்தான் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் கணவனுக்கு மனைவி அனுப்பிய படம் ஆபாசமல்ல. அது இருவருக்குச் சொந்தமான படம், ரிவியில் வரக்கூடாது, அவ்வளவுதான். அப்படியானவை தெளிவாக்கப்படாமலே உரியவரின் பெயரில் பூட்டிய போல்டருக்குப் போயின. எங்களுக்கு அவற்றின் எண்ணிக்கைகூடத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை.

சாமத்திய வீட்டு நீராட்டுப் படங்கள் என்னை வெகுவாக யோசிக்க வைத்தன. மொடல் அவற்றையும் ஒதுக்கியிருந்தது. அது பிழை, சடங்குப் படம்தான் என்று ஒரு கணத்தில் தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை இப்போது வளர்ந்த பெண். ஊரார் வந்து போகும் விறாந்தையில் பெரிய ரிவியில் அந்தப் படம் ஓடுவதை அவர் விரும்புவாரா? மருமகள் அவரிடமே போன் எடுத்துக் கேட்டார். சேலை கட்டிய படங்கள் இருக்கட்டும், நீராட்டு வேண்டாம், அவற்றைத் தன்னிடம் தரச் சொன்னார். அப்படியே செய்தோம். குழந்தை குளிக்கும் படங்களில் சிலவற்றுக்கும் தாய்மாரிடம் இதே கேள்வி போனது.

குழந்தைப் படங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலை முழுவதையும் இன்ரநெட் இல்லாமல் செய்ததற்கு முக்கிய காரணமே அவைதான். அமெரிக்காவில் ஒரு தகப்பன், 2021இல் தன் சிறு மகனின் உடம்பில் இருந்த வீக்கத்தை டொக்டருக்குக் காட்ட எடுத்த படம் தானாக இன்ரநெட்டில் உள்ள மேகச் சேமிப்புக்கு (cloud) ஏற, கூகுள் அவருடைய கணக்கையே மூடியதை 2022இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. பொலிஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. பல வருடப் படங்களை மேகத்தில் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. ஒரு பிரதியாவது கையில் இருக்கட்டும்.

சிறுவர்கள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான படம் ஏதும் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதையும் தொடங்க முதலே எழுதி வைத்தோம்: வேலையை நிறுத்துவது, பிரதி எடுக்காதது, எவருக்கும் அனுப்பாதது, பொலிஸுக்கோ சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்துக்கோ அறிவிப்பது. 1995 திருத்தத்தோடு வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி அப்படியான படத்தை வைத்திருப்பதே குற்றம். இந்தத் தொகுப்பில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இந்த வேலையை எடுக்கும் எந்தக் கடைக்கும் இந்த ஒழுங்கு இருக்க வேண்டும்.

தப்பியவை

மொடல் விட்டவையும் உண்டு. சின்னச் சின்னப் படங்களை ஒன்றாக ஒட்டிய கொலாஜ், இருட்டில் எடுத்த வீடியோவின் ஸ்கிறீன்ஷொட், கார்ட்டூன். படத்துக்குள் தமிழில் எழுதிய ஊத்தைப் பகிடிகளை இவ்வகை மொடல் காணவே காணாது, அதற்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இப்படியானவை அநேகமாக அதே வழியால், அதே நாட்களில் வந்தவை. அதனால் ஒதுக்கிய படம் ஒன்றுக்கு முன்னும் பின்னும் சேமிக்கப்பட்டவற்றையும் மருமகளின் வரிசையில் சேர்த்தோம். எழுத்துப் பகிடிகள் பெரும்பாலும் அப்படித்தான் அகப்பட்டன. வீடியோக்களை இந்த முறை தொடவில்லை. அவை தனி போல்டரில் பூட்டியிருக்கின்றன, ரிவிக்குப் போகவில்லை.

அழித்தல்

“தம்பி, அழிக்கிற கதையே வேண்டாம். அப்பால வையுங்கோ, அழிக்காதேங்கோ.” ஆசிரியை இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஒரு பெட்டியை விட்டுவிட்டு வந்த அனுபவம் உள்ளவர் அவர். ஆகவே முழு வேலையிலும் கணினி செய்தது இடம் மாற்றுவது மட்டும். எறியலாம் என்று குறித்தவைகூட ஒரு போல்டரில் காத்திருந்தன. அந்தக் குழுவின் போல்டரைக் கடைசியில் ஆசிரியையின் மகன் தானே உட்கார்ந்து அழித்தார்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. போனும் மேகமும் இணைந்திருக்கும்போது போனில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் அழியும். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டி, மேகத்தில் ஏற்றிய படத்தை 60 நாள் வைத்திருக்கும், ஏற்றாததை 30 நாள்தான். ஐபோனும் 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் முடிந்தது. அதனால் இணைப்பை நிறுத்திவிட்டு, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும்.

வீட்டு நிலைமை

ரிவிக்குப் போன தொகுப்பு இப்போது ஒரு பென்டிரைவில் இருக்கிறது. முழுத் தொகுப்பின் ஒரு பிரதி ஆசிரியையின் அலுமாரியில், இன்னொன்று கனடாவில் உள்ள சொந்தத்திடம். வீட்டிலுள்ள போன்கள் எல்லாவற்றிலும் வட்ஸ்அப் தானாகப் படம் இறக்குவதை நிறுத்தினோம். குழுக்களில் வருவது போனின் படக் கலரியில் (gallery) தெரியாதபடியும் மாற்றினோம். அந்த இரண்டு அமைப்பையும் முன்பே மாற்றியிருந்தால் மொடலின் வேலையில் பெரும்பகுதி மிச்சம். எங்களிடம் போன் திருத்த வருகிறவர்களுக்கும் இப்போது கேட்காமலே சொல்லிக்கொடுக்கிறோம்.

வாய்க்கால் படத்தை மூல அல்பத்திலிருந்து மறுபடி எடுத்துத் தரும்படி பாரிஸ் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறோம். பிளாஸ்டிக் தாளைக் கழற்றிவிட்டு, யன்னல் பக்க வெளிச்சத்தில், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னோம், அப்போதுதான் தரம் குறையாமல் வரும். அவரிடம் இன்னும் இரண்டு அல்பம் இருக்கிறதாம். அவற்றுக்கும் தனிப் போல்டர் திறந்து வைத்திருக்கிறோம். அதில் எந்த மொடலும் ஓடாது.